பாய் விரிக்க இடமுள்ள வண்டி

1974 ஜனவரி 6, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பேத்தி தமயந்தி, அவளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்ட அவள் புருஷன் ஞானசேகரன், அவனுடைய அம்மா, மருத்துவச்சி பொங்கியம்மாள், ஞாயிற்றுக்கிழமையிலும் காபிக்கு வந்துவிடும் தபால்காரர். ஏழு பேர். யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

டைரி உரக்கடையில் கொடுத்தது. "எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே அடைச்சு வெச்சிருக்கறீங்க அம்மாயி. கொஞ்சம் இதுல இறக்கி வைங்க" என்று தமயந்தி கொடுத்தாள். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தமயந்தியின் தாய், என் மூத்த மகள் சரசா, இல்லை. அதனால் இந்த வீட்டில். சேலத்து டாக்டரம்மா பார்த்துவிட்டு, இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, மாசிக் கடைசியில் வலி எடுக்கும், எடுத்ததும் குலுங்காமல் படுக்கவைத்து மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்கள் இருப்பது ஏற்காட்டுக்கும் அப்பால் ஒன்பது மைல். அதன் பிறகு கீழே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு, எண்ணிக்கை கீழிருந்து. பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான்.

ஞானசேகரனின் அம்மா, "சேலத்துல உங்க தம்பி வீடு இருக்குதுங்களே, அங்க போயி ஒரு மாசம் இருந்துக்கலாமுங்களே" என்றாள். அவளுக்குத் தெரியாது. 1949 ஆவணியில் தம்பி வையாபுரி புதுவீடு புகுந்தபோது, அவன் பெண்டாட்டி கமலவேணி என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் நடந்ததில்லை.

"வண்டி வாங்கப்போறேன்" என்றேன்.

"ஜீப்புங்களா?" என்றார் தபால்காரர்.

"ஜீப்பு எதுக்கு? நீளமான வண்டி. பின்னால பாய் விரிச்சு ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கோணும்."

"பெட்ரோல் விக்கற வெலைக்கு அமெரிக்காக்காரன் வண்டி வேணுமாக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

பெட்ரோல் அந்த விலை விற்பதால்தான் எல்லாரும் அந்த வண்டிகளை விற்கிறார்கள். கார்த்திகையிலிருந்து சேலத்தில் வீட்டுக்கு வீடு தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். என் மிளகுப் பணம் என் பெயரில் இருக்கிறது. அவரைக் கேட்கவில்லை, சொன்னேன்.


ஜனவரி 8, செவ்வாய்

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் இருக்கும் இடத்தை எல்லாரும் ஒரு சொல்லால் சொல்வார்கள். நான் சொல்வதில்லை, எழுதவும் மாட்டேன். வீட்டுக்காரர் பெயர் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. கட்டிக்கொண்டு வந்து நாற்பத்தெட்டு வருஷம். எனக்கு இது 'மேலே', சேலம் 'கீழே'. அவ்வளவுதான்.


ஜனவரி 13, ஞாயிறு

ஏற்காட்டிலிருந்து மெக்கானிக் ஹனீபா பாய் வந்தார். மெலிந்த ஆள். வண்டி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தே உள்ளே எது வலிக்கிறது என்று சொல்லிவிடுவார். டாக்டரம்மா தமயந்தியின் வயிற்றில் கை வைத்தது அந்த மாதிரிதான் இருந்தது.

நான் கேட்கிற வண்டிக்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயராம். "ஜீப்பு ஆட்டுக்குட்டிம்மா, துள்ளும். அமெரிக்கா வேகன் பல்லக்கு. உக்காந்த எடம் அசையாது. ஆனா பல்லக்குக்குத் திரும்ப எடம் வேணுமே" என்றார்.

"ஒன்பதாவது வளைவுல ரிவர்ஸ் போடாம திரும்போணும்" என்றேன்.

"மத்த வளைவெல்லாம்?"

"ஒன்பதுல திரும்பினா எல்லாத்துலயும் திரும்பும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வயதானவர், அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் பஸ்ஸில் போய் ஒன்பதாவது வளைவில் இறங்கினோம். சுண்ணாம்புப் பொடி தூவி அவர் ரோட்டில் வளைத்துக் கோடு போட்டார். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பதினேழு அடிக்கு மேல் போனால் ஒரே ஒடிப்பில் வராது என்றார். கயிற்றில் பதினேழாவது அடியில் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். கீழே போன லாரிக்காரன் ஒருவன், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தான்.


ஜனவரி 14, பொங்கல்

பால் கிழக்கே பொங்கியது. தமயந்திக்குக் கால் வீக்கம்.


ஜனவரி 20, ஞாயிறு

சேலம். ஒரு மில்காரர் வீட்டு டாட்ஜ் வண்டி. இருந்தவர்கள்: நான், ஹனீபா பாய், மில்காரரின் மேனேஜர்.

அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. ஆகாச நீலம், இடுப்பில் வெள்ளைப் பட்டை. வால் இரண்டும் மீன் துடுப்பு மாதிரி எழும்பி நின்றன. அதன் கீழே சிவப்பு விளக்கு, கோதுமை அல்வாத் துண்டு போல. முன்பக்கம் முழுக்க வெள்ளித் தகடு. குனிந்து பார்த்தேன், என் முகம் அகலமாக, சிரிப்பது போலத் தெரிந்தது. நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது வரிசை இருக்கை பின்னால் பார்த்தபடி இருந்தது. அதில் உட்கார்ந்தால் போகிற ஊருக்கு முதுகு, வந்த ஊருக்கு முகம். "இது யாருக்குங்க?" என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு என்றார் மேனேஜர். எனக்காகவே செய்தது போல இருந்தது. வந்த வழியில் ஒரு கல்லையும் விடாமல் பார்த்துக்கொண்டே போகலாம்.

கயிற்றை எடுத்து அளந்தேன். முடிச்சைத் தாண்டி இரண்டு முழம் வால் நீண்டது.

"ஒரு தடவை ரிவர்ஸ் போட்டா வந்துரும்மா" என்றார் மேனேஜர்.

"ரிவர்ஸ் போடக் கூடாதுங்க" என்று ஹனீபா பாயே சொன்னார்.

வரும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.


ஜனவரி 27, ஞாயிறு

ஈரோடு. இதற்கு வீட்டுக்காரரும் வந்தார். இவரே விசாரித்துப் பிடித்த வண்டி, பிளைமவுத். நீளம் சரி, கயிற்றுக்கு அடங்கியது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி லாரி டீசல் எஞ்சினை மாட்டியிருந்தார்கள். இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம், செலவு கால்வாசி.

வீட்டிலிருந்து கொண்டுபோன பாயைப் பின்னால் விரித்தேன். சரியாக இருந்தது. பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாயின் நடுவில் வைத்துவிட்டு, கிளப்பச் சொன்னேன். வண்டி நகரவே இல்லை, நின்ற இடத்திலேயே சொம்பு தட்டாங்கல் ஆடியது. பாய் நனைந்துவிட்டது.

"வேண்டாம்" என்றேன்.

"சொம்புக்கா வாங்கறோம்?" என்றார் வீட்டுக்காரர்.

"சொம்புக்குத்தான்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்களுக்கு அது புதிதில்லை.


பிப்ரவரி 3, ஞாயிறு

ஹனீபா பாய் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஊரெல்லாம் தேடறோம். உங்க பக்கத்து எஸ்டேட்டுலயே ஒண்ணு நிக்குதும்மா. தணிகாசலம் ஐயாவோட செவர்லே. அவங்க வீட்டம்மா கொடுத்துரலாம்னு இருக்காங்க. பதினாறரை அடி."

வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்தார். "அந்த வண்டி இந்த வாசலுக்கு வந்தா நான் இந்த வீட்டுல சாப்பிடமாட்டேன்."

அந்த எஸ்டேட்காரர் பேரில் எனக்கு இருக்கும் கோபத்தை விட இவருக்கு அதிகம் என்பதை இன்றுதான் பார்த்தேன். இவருக்கும் மகள்தானே.

தள்ளிப்போட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். 1955 நவம்பர் 9, புதன், ஐப்பசி மழை. அன்றைக்கு இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், சரசா, பொங்கியம்மாள், கரி லாரி டிரைவர். சரசாவுக்கு முந்தின நாளிலிருந்து வலி. காலையில் ஏழு மணிக்குப் பொங்கியம்மாள், "என் கையில இல்லை, கீழ கொண்டுபோயிருங்க" என்றாள். அந்த வருஷம் சித்திரையில்தான் தணிகாசலத்தின் வண்டி மேலே வந்திருந்தது. வாழைக் குருத்துப் பச்சை, மேல்கூரை தந்த நிறம். அது முதல் முதலில் போனபோது காப்பிச் செடிக்கு எரு சுமந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் கூடையை இறக்கிவிட்டு நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன். சத்தமே இல்லாமல் ஒரு வீடு நடந்து போவது போல இருந்தது.

எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சில்லை. 1953ல் வேலியோரம் நின்ற எங்கள் மூன்று சில்வர் ஓக் மரங்களை வெட்டிவிட்டார்கள். "இனி அவன் கேட்டுக்குள்ள என் கால் படாது" என்று வீட்டுக்காரர் சபதம் போட்டார். "ஆம்பளைன்னா அப்படி இருக்கோணும்" என்று நான்தான் சொன்னேன்.

இருந்தாலும் அன்று வண்டி கேட்கக் குடையை எடுத்துக்கொண்டு போனார். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் திரும்பி வந்தார். "இல்லைன்னுட்டான்" என்றார்.

கரி லாரி ஒன்று சேலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மூட்டைகளின் மேல் சரசாவைப் படுக்கவைத்து, நான் அவள் தலைமாட்டில். அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில். எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது பார்த்தேன். அந்தப் பச்சை வண்டி கழுவித் துடைத்து, ரோட்டுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு கேட்டு வாசலில் நின்றது. பக்கத்தில் டிரைவர் ஆரோக்கியம், கையைக் கட்டிக்கொண்டு. தரவும் மாட்டார்களாம், காட்டவும் செய்வார்களாம். அதை நான் மறக்கவில்லை.

ஒன்பதாவது வளைவில் லாரி திரும்பவில்லை. மூன்று முறை ரிவர்ஸ். ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்கல். மூன்றாவது குலுக்கலில் தமயந்தி பிறந்தாள். ஏழாவது வளைவில் சரசாவின் கை என் கையில் லேசாகிவிட்டது.

தணிகாசலம் இரண்டு வருஷத்துக்கு முன் இறந்தார். நாங்கள் போகவில்லை.

ஆனால் வண்டி என்ன செய்யும்? வண்டி மேல் எனக்கு எப்போதும் கோபம் வந்ததில்லை.


பிப்ரவரி 10, ஞாயிறு

அந்த கேட்டுக்குள் போனேன். இருந்தவர்கள்: நான், ஹனீபா பாய், தணிகாசலத்தின் மனைவி லோகாம்பாள், டிரைவர் ஆரோக்கியம். தலை நரைத்துவிட்டது அவனுக்கு.

அவன் துணியை உருவினான். பத்தொன்பது வருஷ வண்டி என்று யாரும் சொல்லமுடியாது. பச்சை கொஞ்சம் வெளுத்து, காயத் தொடங்கிய குருத்தாகி இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை கழுவித் துடைத்து, கிளப்பி, நிறுத்திவிடுவானாம், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். பின்கதவு இரண்டு துண்டு. மேல்துண்டு மேலே தூக்கும், கீழ்த்துண்டு கீழே இறங்கி மேஜை மாதிரி நிற்கும். நடு இருக்கையை மடித்தால் தரையோடு தரையாகிவிடும். கதவைச் சாத்தினால் நம் வீட்டு இரும்புப் பெட்டி சாத்துகிற சத்தம். ஹனீபா பாய் எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு சிரித்தார்.

பாயை விரித்தேன். தலைமாட்டில் ஒரு சாண் மிச்சம். சொம்பை வைத்து ஆரோக்கியத்தை ஓட்டச் சொன்னேன். களத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தான். விளிம்பில் நின்ற தண்ணீர் விளிம்பிலேயே நின்றது.

விலைப் பேச்சு இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. லோகாம்பாள் காபி கொடுத்தாள். குடிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் குடித்தேன். நல்ல காபி.

"எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி உங்களுக்கு?" என்றாள்.

"பேத்தி பிரசவத்துக்கு."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்கும் இந்த வண்டி இங்கதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் நீங்க."

"சொல்லி அனுப்பறதா? நேர்லயே வந்து கேட்டாரே."

"யாரு வந்தா?"

"எங்க வீட்டுக்காரர்."

"இந்த வீட்டுக்கா?" என்று என்னையே பார்த்தாள். "எங்க ஐயா சாகற வரைக்கும் ஒண்ணையே சொல்லிட்டிருந்தார். பொண்ணைக் கரி மூட்டை மேல ஏத்தினாலும் ஏத்துவாங்க, என் வாசலுக்கு வரமாட்டாங்கன்னு. ராத்திரி சாப்பாட்டுல கை வெச்சா அந்த லாரிச் சத்தம் கேக்குதுன்னு சொல்லுவார்."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பெரிய வீட்டுக்காரர்கள் செத்தவர் பேரில் பழி விழாமல் பார்த்துக்கொள்வார்கள். பொய்.


பிப்ரவரி 11, திங்கள்

பாயை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன். நான் எதையும் எங்கேயும் மறந்துவிட்டு வந்ததில்லை.


பிப்ரவரி 13, புதன்

காலையில் மிளகு காயப்போட்டேன். தமயந்திக்குச் சுக்குக் கஷாயம். வெள்ளைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அன்னைக்கு அவங்க வீட்டுல எங்க நின்னு கேட்டீங்க?"

"எந்த அன்னைக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"வாசல்லதான். இல்லைன்னான், வந்துட்டேன். இத்தனை வருசம் கழிச்சு அந்தப் பேச்சு எதுக்கு?" ரேடியோவில் பண்ணைச் செய்திகள் சத்தம் கூடியது.

ரோடு வழியாகப் போனால் அந்த கேட்டு ஒரு மைல். வெற்றிலை துப்புகிற நேரத்தில் திரும்ப வேண்டுமானால் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓடைக்குப் பாலம் போட்டது 1961ல். அதற்கு முன் ஐப்பசியில் முழங்கால் வரை தண்ணீர் ஓடும். அவர் திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ள வேட்டி எடுத்து நீட்டினேன். "வேண்டாம், நனையலை" என்றார். நாலு முழ வேட்டி, வெள்ளை, பச்சைக் கரை. கரை காய்ந்து விறைப்பாக இருந்தது.

குடை வைத்திருந்தார் என்று எழுதிக்கொள்கிறேன்.

குடை மேலே பிடிப்பது.


பிப்ரவரி 18, திங்கள்

சேலம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை என் பெயருக்கு மாற்றினோம். தமயந்தி வரக்கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. செவர்லேயில் சோபா போன்ற முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, "அம்மாயி, இதுலயே குடியிருந்துக்கலாம்" என்றாள்.

கிளார்க் கேட்டார். "பேரு?"

"நல்லம்மாள்."

"கணவர் பேரு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"கணவர் பேரும்மா."

"பழனியில இருக்கற சாமி."

"முருகனா?"

"இல்லீங்க. சாமிக்கு வேற பேரு."

"தண்டபாணியா? வேலாயுதமா?" கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மணி ஒண்ணாகப் போகுது தாயி. நானே ஒரு பேரு வெச்சுரட்டுமா உன் புருசனுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பெயரைச் சொன்னாள். அவள் சொல்லும்போது என் காதைப் பொத்திக்கொண்டேன். பழக்கம்.

வண்டி வாசலுக்கு வந்தது. சொன்னபடி வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. இரண்டு வேளை. மூன்றாவது வேளை சாப்பிட்டார்.


பிப்ரவரி 24, ஞாயிறு

ஆரோக்கியத்தையே ஓட்டுவதற்கு வைத்துக்கொண்டேன். இந்த வண்டியை வேறு ஆள் தொட்டால் அதற்குப் பிடிக்காது. இன்று ஒத்திகை. இருந்தவர்கள்: நான், ஆரோக்கியம். என் பாய் வண்டியிலேயே, மடித்து ஓரமாக வைத்தபடி இருந்தது.

இருபதிலிருந்து இறங்கினோம். ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை அவன் தொடுவது தெரியவில்லை. ஒன்பதாவது வளைவு வந்தது. நான் கண்ணை மூடவில்லை. நீண்ட பச்சை மூக்கு பள்ளத்தின் மேல் எட்டிப்பார்த்தது, பிறகு பசு தலையைத் திருப்புவது போல நிதானமாகத் திரும்பியது. ஒரே ஒடிப்பு. அவ்வளவுதான். அவ்வளவு எளிது.

எட்டாவது வளைவுக்குக் கீழே நிறுத்தச் சொன்னேன். ஆரோக்கியம் இறங்கி நின்றான்.

"அம்மா, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அன்னைக்கு ஏனுங்க வண்டி வேண்டாம்னீங்க?"

அவனே சொன்னான்.

"பறிப்புக்கு வந்த பொம்பளைங்க சொல்லி, முந்தின நாளே வலி எடுத்த சேதி எங்களுக்குத் தெரியுமுங்க. ஐயா என்னைக் கூப்பிட்டு, மெத்தையைப் போட்டுக் கேட்டுல கொண்டுபோய் நிறுத்துடா, கூப்பிட்ட ஒடனே போ, கூப்பிடாம நாம போனா அந்த மனுசன் அதுக்கும் சண்டைக்கு வருவான்னாருங்க. ஆறரையிலிருந்து எஞ்சினை அணைக்காம நின்னேன். லாரி வந்துச்சு. நான் ரோட்டுக்கு ரெண்டு அடி எடுத்து வெச்சேனுங்க. உங்க ஐயா முன்னால உக்காந்திருந்தாரு. என்னைப் பார்த்தாரு. வண்டியைப் பார்த்தாரு. கையை இப்படிக் காட்டினாருங்க."

காட்டினான். ஈயை ஓட்டுவது போல. நான் லாரியின் பின்னால் இருந்தேன். அந்தக் கை எனக்குத் தெரிந்திருக்காது.

"ரேடியேட்டருக்குத் தண்ணி பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேனுங்க."

"போலாம்."


பிப்ரவரி 26, செவ்வாய்

வீட்டுக்காரரைப் பற்றித் தமயந்தி கேட்டாள். "அப்பிச்சிகூடப் பேசறதில்லீங்களா அம்மாயி?"

"பேசிட்டுத்தான் இருக்கேன். காபி வெச்சா காபின்னு சொல்றேன்."

அவளே மேலும் சொன்னாள். "சேலத்துத் தாத்தா வீட்டுலிருந்து ஆஸ்பத்திரி நாலு தெரு. ஒரு பந்திச் சோத்துக்காக என்னை இங்க வெச்சுக்கிட்டு வண்டி தேடறீங்க. எங்கம்மாவுக்கும் யாரோ ரோசப்பட்டுத்தான் இப்படி ஆச்சோ என்னமோ."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.


பிப்ரவரி 27, புதன்

தம்பி வையாபுரிக்குத் தபால் கார்டு போட்டேன். பத்தாம் தேதி நானும் தமயந்தியும் வருகிறோம், ஒரு அறை ஒழித்து வை என்று. தபால்காரர் விலாசத்தை இரண்டு தடவை படித்தார். காபி கொடுத்து அனுப்பினேன்.


மார்ச் 4, திங்கள்

வண்டியை நானே துடைத்தேன். வெள்ளித் தகட்டுக்குத் திருநீறு போட்டுத் தேய்த்தால் நன்றாக வருகிறது.


மார்ச் 10, ஞாயிறு, சேலம்

பத்தாம் தேதிக்கு வலி காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எடுத்துவிட்டது. அப்போது இருந்தவர்கள்: நான், தமயந்தி, பொங்கியம்மாள், ஆரோக்கியம், வீட்டுக்காரர்.

பாய் மேல் மெத்தை, மெத்தை மேல் தமயந்தி, இடப்பக்கம் சாய்த்து. நான் அவள் தலைமாட்டில். வீட்டுக்காரர் முன்கதவைத் திறந்து ஏறப்போனார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஆம்பளை ஒருத்தன் கூட வேணாமா?"

"ஆரோக்கியம் இருக்கான்."

இறங்கி நின்றார். வண்டி நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாசலில் நின்று கையைத் தூக்கினார். போய் வா என்பதற்குத்தான் இருக்கும். நான் அந்தக் கையையே, திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட் கேட்டில் லோகாம்பாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். யார் சொல்லி அனுப்பியதோ. கையை மார்பில் வைத்திருந்தாள். வண்டி நிற்கவில்லை.

சொம்பை அன்றும் கொண்டுபோயிருந்தேன், குடிக்கத் தண்ணீர். மூடி போடவில்லை. தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். கத்தியது இரண்டே தடவை. எண்ணிக்கொண்டு வந்தேன்: பதினாலு, பதின்மூன்று, பன்னிரண்டு. ஒன்பது வருமுன்னே ஆரோக்கியம் ஹாரன் அடித்தான், எதிரே வந்த பஸ் ஒதுங்கியது. என் கையை அவள் பிடித்தாள். அதே பிடி, அதே விரல்.

"இதுதானே அம்மாயி அந்த எடம்?"

"பேசாம படு கண்ணு."

திரும்பியது. சொம்பில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நேராயிற்று. ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. ஏழாவது வளைவிலும் அவள் கை இறுக்கமாகவே இருந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரம். நர்சம்மா பின்கதவு மேஜை மாதிரி இறங்கியதைப் பார்த்துவிட்டு, "அட, எங்க ஆம்புலன்ஸ் இந்த மாதிரி இருந்தா எப்படி இருக்கும்" என்றாள். ஆபரேஷன் செய்தார்கள். பதினொன்று பத்துக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். டாக்டரம்மா, "ஆட்டாம அசைக்காமக் கொண்டுவந்தீங்க, இல்லேன்னா கஷ்டம்" என்றார். நான் வாசலுக்கு வந்து வண்டியின் பச்சை நெற்றியில் கையை வைத்தேன். சூடாக இருந்தது, ஓடி வந்த மாடு மாதிரி.

மத்தியானம் தம்பி வீடு. கமலவேணி இலை போட்டு, உட்காராமல் நின்றே பரிமாறினாள். நான் ஒருத்திதான் பந்தி. "அன்னைக்கு எலை பத்தலை அண்ணி. யார்கிட்ட உரிமையாச் சொல்லலாம்னு பார்த்தேன், உங்களை உக்கார வேண்டாம்னேன்" என்றாள். இருபத்தைந்து வருஷம் கழித்து. ரசம் நன்றாக இருந்தது, சொல்லவில்லை. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.


மார்ச் 12, செவ்வாய்

தமயந்தி எழுந்து உட்கார்ந்தாள். குழந்தை என்னை முறைத்துப் பார்க்கிறது. நம் ஆள்தான்.

இங்கே வேலையே இல்லை. கமலவேணி ஒன்றும் செய்ய விடுவதில்லை. அதனால் யோசித்தேன்.

கமலவேணியை மன்னித்துவிட்டேன். வையாபுரியை மன்னிக்க ஒன்றுமில்லை, அவன் எப்போதும் அவள் சொல்வதைத்தான் கேட்பான். பதினெட்டு வருஷமாகக் காலையும் மாலையும் ஏசிய தணிகாசலத்திடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேலே போனதும் லோகாம்பாளிடம் கேட்பேன். ஆரோக்கியம் இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்திருக்கலாம். அவனையும் விட்டுவிட்டேன். "ஆம்பளைன்னா அப்படி இருக்கோணும்" என்று சொன்ன நல்லம்மாளை விடுவதா என்று இன்னும் தீரவில்லை. அவளை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் மிச்சம். கேட்டுக்குப் போகாமலே வந்து இல்லைன்னுட்டான் என்றவர். அதைக்கூட மழை, பயம், வெட்கம் என்று ஏதாவது சொல்லிப் பொறுத்திருப்பேன். ஆனால் மெத்தை போட்ட வண்டி கண்ணெதிரே நின்றபோது கையைக் காட்டியவர். ஒன்பதாவது வளைவில் மூன்று ரிவர்ஸையும் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர். பிறகு பதினெட்டு வருஷம் நான் இன்னொருவனைச் சபிப்பதைக் கேட்டுக்கொண்டு, என் கையால் காபி வாங்கிக் குடித்தவர்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டபோது என் வாயில் வராத பெயரை இப்போது எழுதுகிறேன். முதலில் மலை என்று மட்டும் எழுதிப் பார்த்தேன். பேனா நிற்கவில்லை.

மலையாண்டி.